சந்தனக் கோடு சாய்ந்திருந்தது: பெரிய டயரோடு வில்லியனூரிலிருந்து பாகூருக்கு

இந்த முறை நான் எழுதப்போகும் பயணம் மொத்தமே எண்பது கிலோமீட்டர்தான். வில்லியனூரிலிருந்து பாகூர், அங்கிருந்து திரும்ப வில்லியனூர், மறுபடி பாகூர், மறுபடி வீடு. ஒரே நாளில், ஒரே சாலையில், இரண்டு முறை போய்வந்த கதை. ஏற்காடும் ஜவ்வாது மலையும் எழுதிய கையால் இதையா எழுதுகிறாய் என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் உங்கள் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டும் யோசனை இருந்தால் மேலே படியுங்கள். மாட்டிவிட்டு முழித்துக்கொண்டிருந்தால் கட்டாயம் படியுங்கள்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் வீட்டுக்காரர் ஏழுமலைக்கும் கல்யாணமாகி இந்த மாசியோடு இருபத்தைந்து வருடம். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் கரும்பும் நெல்லும் வைப்பவர். லீவு கிடைத்தால் ஊர் சுற்றுகிறவள் நான், எங்கே கூப்பிட்டாலும் "கொல்லைய யாரு பாக்கறது?" என்கிறவர் அவர். இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருக்கும் எல்லாப் பயணங்களும் உடன் வேலை பார்க்கும் டீச்சர்களோடு போனவை. ஒன்றில்கூட அவர் கிடையாது.

இந்த வருடம் கரும்பு வெட்டு சீக்கிரம் முடிந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "கொல்லிமலைக்கு நானும் வரட்டா?" என்றார். அடுத்த பயிர் வேலை தொடங்குவதற்குள் அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாரம். அதை விட்டால் அடுத்த வருடம். அடுத்த வருடமும் "கொல்லைய யாரு பாக்கறது"தான். அன்றைக்கே அறை பதிவு செய்துவிட்டேன்.

வண்டியைப் பற்றி: நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை. மூன்று வருடத்துக்கு முன்பு பழைய வண்டியாக வாங்கியது. நான்தான் ஓட்டுவேன். அவர் டிராக்டரைத் தவிர எதையும் ஓட்டமாட்டார்; "கார்ல ஒக்காந்தா சக்கரம் எங்க இருக்குதுனே தெரியல" என்பது அவர் வாதம். மழைக்குப் பிறகு எங்கள் கரும்புக் கொல்லைக்குப் போகும் மண் வழியில் இரண்டு முறை சிக்கி, இரண்டு முறையும் அவர் டிராக்டர் வந்து இழுத்த பிறகு பெரிய டயர் மாட்டுவது என்று முடிவு செய்தோம். 245/75 R16 இருந்தது. 265/75 R16 போட்டோம். இதே வண்டியின் விலை கூடிய மாடலுக்குக் கம்பெனியே போடும் அளவு அது. டயரின் விட்டம் மூன்று சென்டிமீட்டர் கூடும், வண்டி ஒன்றரை சென்டிமீட்டர் உயரும். மீட்டர் அறுபது காட்டும்போது உண்மையான வேகம் அறுபத்திரண்டுக்கு மேல். தூரமும் அப்படித்தான், குறைத்துக் காட்டும். இந்தக் கட்டுரையில் வரும் தூரங்களை எல்லாம் நான் பெருக்கிச் சரிசெய்துதான் எழுதியிருக்கிறேன். பழக்கதோஷம்.

டயர் மாட்டி, சக்கரங்களை ஒன்றுக்கொன்று நேராக்கும் அலைன்மென்ட்டும் செய்தது வில்லியனூரில் அந்தோணி என்பவரின் கடையில். மறுநாள் காலை கோயில் வாசலில் பூஜை. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஐயர் ஸ்டீயரிங்கின் நடுவில் சந்தனத்தைக் குழைத்து மூன்று கோடு இழுத்து, குங்குமம் வைத்தார். நான் போனில் படம் எடுத்தேன். இந்தச் சந்தனக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது ஒரு குறை கண்ணில் பட்டது. நேரான சாலையில் போகும்போது ஸ்டீயரிங் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தே இருந்தது. அதன் நடுவில் இருக்கும் கம்பெனி முத்திரை கோணலாக என்னைப் பார்த்தது. அந்தோணிக்குப் போன் போட்டேன். "கொஞ்சம் ஓடட்டும் டீச்சர், தானா செட் ஆயிடும்" என்றார். எரிச்சலில் வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டேன்: "இருபத்தஞ்சு வருஷத்துல இந்த வூட்ல ஒரு சாமானாவது நேரா இருந்திருக்கா?" அவர் துண்டை உதறிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். எப்போதும் அப்படித்தான்.

மூன்று நாள் கழித்துப் பார்த்தால், ஸ்டீயரிங் நேராக இருந்தது. அந்தோணி சொன்னது சரிதான், ஓடி ஓடி செட் ஆகிவிட்டது என்று நம்பினேன். ஒரு கணக்கு டீச்சர், கோணம் தானாகச் சரியாகும் என்று நம்பினாள். என் மாணவர்கள் இதைப் படிக்காமல் இருக்கவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாகூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினோம். ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் தாண்டி, பாகூர் ஏரிக்கரை கண்ணில் படும் இடத்தில் ஒரு வலது வளைவு வரும். அறுவடைக் காலம், சாலையின் இடது பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். ஒரு பெண்மணி காலால் துழாவிக்கொண்டிருந்தார். நான் நாற்பதில்தான் போனேன். வளைவில் திருப்பியதும் மஞ்சள் விளக்கு, சறுக்கும் கார் படம் போட்டது, படபடவென்று மின்னியது. கீழே கர்ரென்று ஒரு சத்தம். வண்டி என் கையை மீறி இடது பக்கம், நெல்லை நோக்கி, இழுத்தது. முழு பலத்தோடு வலது பக்கம் பிடித்து நிறுத்தினேன். அந்தப் பெண்மணி பின்னால் குதித்ததால் தப்பினார். அவருக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும்.

இடது பக்கத்து இருக்கையில் இருந்தவர் என் வீட்டுக்காரர். அந்த ஒரு முழத்தைக் கண்ணாடி வழியாக நேருக்கு நேர் பார்த்தவர் அவர். இறங்கினார். அந்தப் பெண்மணியிடம் என்னவோ சொன்னார். பிறகு நடந்தே போய்ப் பாகூரில் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் ஒரே வார்த்தை: "இனிமே அந்த வண்டில ஏறமாட்டேன். நீ கொல்லிமலைக்கு அதுல வா. நான் பஸ்ல வரேன்."

"நான் பிரேக்கே போடல" என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பதறிப்போய் பிரேக்கை மிதித்துவிட்டு மறைக்கிறேன் என்று நினைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருபத்தைந்து வருடம் காத்திருந்து கிடைத்த இடது பக்கத்து ஆள், பஸ்ஸில் வருகிறாராம். பயணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் வண்டி ஏன் அப்படிச் செய்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

அடுத்து வந்த சனிக்கிழமை காலை 6.40க்குக் கிளம்பினேன். வண்டியில் ஏறமாட்டேன் என்றவர், என்னைத் தனியாக விடவும் மாட்டேன் என்று பைக்கில் பின்னாலேயே வந்தார். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, இருபதடி பின்னால் ஒரு பைக். என் வாழ்க்கையில் இப்படி ஒரு பாதுகாப்புப் படையோடு போனது அன்றுதான்.

முதல் நிறுத்தம் அந்தோணி கடை. கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். இங்கே கொஞ்சம் விளக்கம் சொல்லவேண்டும். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் என்பது, வண்டி சறுக்குவதாகத் தோன்றினால் எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் நேராகும் என்று தானே கணக்குப் போட்டு, அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும் ஏற்பாடு. சக்கரங்கள் எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன, வண்டி எவ்வளவு திரும்புகிறது, ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறார் என்ற செய்திகளை வைத்துத்தான் கணக்கு. இதில் எந்தச் செய்தி பொய்யானாலும் நல்ல சாலையிலேயே வண்டி சறுக்குவதாக நினைத்துக்கொள்ளும். எனக்கு யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அந்தோணி காற்றைப் பார்த்தார். மூன்று டயரில் 32. வலது பின் டயரில் 25. காற்று குறைந்த டயர் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், அதனால் கணக்குக் குழம்பலாம். "தோ, இதான் டீச்சர் விஷயம்!" என்று அவர் முகம் மலர்ந்தது. வால்வை மாற்றி நான்கிலும் 32 வைத்தார். அலைன்மென்ட்டைப் பார்க்கவேண்டாமா என்றேன். "ஸ்டீயரிங் எவ்ளோ நேரா நிக்குது பாருங்க. அலைன்மென்ட் பக்காவா கீது" என்றார். நானும் பார்த்தேன். நேராகத்தான் நின்றது.

மங்கலம் தாண்டி முதல் வலது வளைவிலேயே மஞ்சள் விளக்கு மறுபடி மின்னியது. முப்பதில்தான் போனேன், அதனால் லேசான இழுப்போடு நின்றுவிட்டது. ஓரங்கட்டினேன். பைக்கும் ஓரங்கட்டியது.

"இன்னா?"

"திரும்ப எரியுது."

அவர் பைக்கை நிறுத்திவிட்டு, துண்டைத் தரையில் விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். வண்டிக்குள் ஏறமாட்டேன் என்றவர் வண்டிக்கு அடியில் போய்விட்டார். பெரிய டயர் மாட்டினால், முழுக்கத் திருப்பும்போது சக்கர வேகத்தைப் பார்க்கும் சென்சாரின் ஒயரில் டயர் உரசலாம் என்று படித்திருந்தேன். "ஸ்டீயரிங்க லெஃப்ட்ல ஒடி... இப்ப ரைட்ல ஒடி" என்று அடியிலிருந்து உத்தரவு வந்தது. அந்தப் பக்கம் போன கரும்பு டிராக்டர்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலையும் பார்த்துவிட்டு, "ஆளு இருக்காராமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒயரில் உரசல் இல்லை. சென்சாரில் அப்பியிருந்த களிமண்ணைச் சுரண்டி எடுத்தார். அதனாலும் ஒன்றும் மாறவில்லை.

ஏம்பலத்தில் டீ குடித்துவிட்டு, 8.50க்கு அந்த வளைவுக்கு வந்தோம். வீட்டிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். வளைவுக்கு முன்பே நிறுத்திவிட்டு நடந்து போனேன். அதே பெண்மணி, அதே இடம், நெல் மட்டும் வேறு. பெயர் அஞ்சலை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீதானே அன்னிக்கி வண்டி ஓட்டிகினு வந்த? ஏம்மா, உன் வண்டிக்கு இன்னா நோவு? மூணு சக்கரம் ஓடுது, ஒரு சக்கரம் மட்டும் நின்னுகினு இழுக்குது!"

"எந்தச் சக்கரம்?"

"இந்தாண்ட சக்கரம். முன்னாடி. என் பக்கத்து சக்கரம். அது நெல்ல சீச்சிகினு வந்துச்சே, ஒரு கோடு போட்ட மாதிரி. நான் கண்ணால பாத்தேன்."

பின்னால் நின்றிருந்த வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "ஒரு சக்கரம்தானா? நல்லா பாத்தியாமா?"

"என் கால் மேல ஏற வந்த சக்கரத்த நான் பாக்காம வேற யாரு பாப்பா?"

காலால் மிதிக்கும் பிரேக் ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்காது. டிராக்டர்காரருக்கு அதை யாரும் சொல்லித்தரவேண்டாம். டிராக்டரில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிரேக் உண்டு, காரில் கிடையாது. அவர் என்னைப் பார்த்தார். "அப்ப நீ மிதிக்கல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆறு நாள் மனதில் இருந்த பாரம் அந்த நெல்மேல் இறங்கியது போல இருந்தது.

பாகூரில் குணா என்ற ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஸ்கேனர் வைத்திருக்கிறார் என்று நாத்தனார் சொல்லியிருந்தார். 9.20க்கு அவர் கடையில் இருந்தோம். முப்பது வயதிருக்கும், அளந்து பேசுகிறவர். வண்டியில் கருவியைச் சொருகி, நேராக நிறுத்தச் சொன்னார். சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று கீழே உட்கார்ந்து பார்த்தார். பிறகு திரையை எனக்குக் காட்டினார்.

"சக்கரம் நேரா இருக்குது. ஸ்டீயரிங்கும் நேரா இருக்குது. ஆனா வண்டி, நீங்க பத்து டிகிரி லெஃப்ட்ல திருப்பியிருக்கீங்கனு சொல்லுது டீச்சர்."

பொய் சொன்னவர் பிடிபட்டார். ஸ்டீயரிங் கோணத்தைச் சொல்லும் சென்சார். நான் நேராகப் போகும்போதெல்லாம் வண்டி, "இவள் இடது பக்கம் திருப்புகிறாள், ஆனால் வண்டி திரும்பவில்லையே" என்று நினைக்கிறது. நான் வலது பக்கம் திருப்பினால், "இவ்வளவு திருப்பச் சொல்லவில்லையே" என்று பயந்து இடது முன் சக்கரத்தைப் பிடிக்கிறது. அஞ்சலை பார்த்த அதே சக்கரம்.

குணா சொன்ன தீர்வுதான் சிக்கல். சென்சார் போயிருக்கும், புதிதாக வரவழைக்க வேண்டும், இரண்டு வாரம் ஆகும். எனக்கு இருப்பது எட்டு நாள். "இப்போதைக்கு சுவிட்ச அமுக்கி ஆஃப் பண்ணிட்டு ஓட்டலாம். ஆனா கொல்லிமலையோட எழுவது கொண்டை ஊசி வளைவுல அத நான் சொல்லமாட்டேன்" என்றார். வீட்டுக்காரர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் பஸ் கிளம்பும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

டிரைவர் இருக்கையிலேயே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை வெறித்துப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து, ஓரம் உதிர்ந்து, இன்னும் அப்படியே இருந்தது. தானாக உதிர்கிற வரை துடைக்கக்கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். அப்போதுதான் கவனித்தேன். முத்திரை நேராக இருக்கிறது. சந்தனக் கோடுகள் சாய்ந்திருக்கின்றன. இடது முனை மேலே, வலது முனை கீழே.

கோயில் வாசலில் ஐயர் அப்படியா போட்டார்? போனைத் திறந்து பூஜைப் படத்தைப் பார்த்தேன். படத்தில் கோடுகள் டேஷ்போர்டின் விளிம்புக்குச் சரியாக இணை. முத்திரைதான் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், அதாவது சக்கரங்கள் நேராக நின்ற நேரம். கைப்பையில் கோணமானி எப்போதும் இருக்கும். எடுத்து ஸ்டீயரிங்மேல் வைத்தேன். கோட்டுக்கும் முத்திரைக்கும் இடையே பத்து டிகிரி.

ஓடி ஓடி செட் ஆகியிருந்தால் ஸ்டீயரிங் அடியில் இருக்கும் தண்டோடு சேர்ந்து திரும்பியிருக்கும், சென்சாரும் பூஜ்யம் காட்டியிருக்கும். சென்சார் பார்ப்பது அந்தத் தண்டைத்தான்; அது பத்து டிகிரி இடதிலேயே நிற்கிறது. மேலே இருக்கும் ஸ்டீயரிங் மட்டும் நேராகியிருக்கிறது. அப்படியென்றால் யாரோ ஸ்டீயரிங்கைக் கழற்றி, நேராக வைத்து மாட்டியிருக்கிறார்கள்.

"குணா, சென்சார் நல்லாத்தான் இருக்கு. யாரோ ஸ்டீயரிங்க புடுங்கி மாட்டியிருக்காங்க" என்றேன். குணா படத்தைப் பார்த்தார், ஸ்டீயரிங்கைப் பார்த்தார், மெதுவாகத் தலையாட்டினார். "தண்டுல இருக்குற பல்லுல ஒரு பல்லு தள்ளி மாட்டினா சரியா பத்து டிகிரி வரும். யாரு டீச்சர் பண்ணது?"

வீட்டுக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்த்தார்.

"நான்தான்" என்றார்.

நான் பள்ளிக்குப் போன நேரத்தில், டிராக்டர் பார்க்கும் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். "டிராக்டர்ல ஸ்டீயரிங் கோணலா இருந்தா கழட்டி ஒரு பல்லு தள்ளிப் போடுவோம். அரை மணி நேர வேல. எல்லாருந்தான் செய்வாங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இந்த வூட்ல ஒரு சாமானாவது நேரா இருந்திருக்கானு கேட்டியே. அதான், ஒரு சாமான நேராக்கிட்டு அப்பால சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ 'பாத்தீங்களா, தானா செட் ஆயிட்சி'னு சந்தோஷப்பட்ட. விட்டுட்டேன்" என்றார்.

குணா நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்த ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக் இருக்கிறது. கழற்றும்போது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கத்திவிட்டேன். கத்தி முடித்த பிறகு, நான் கோபத்தில் வீசிய ஒரு வார்த்தையை இந்த மனிதர் பத்திரமாக எடுத்துவைத்து, அதற்கு வேலை செய்திருக்கிறார் என்பது உறைத்தது. சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. "நான் உன்ன சொன்னேன், மிதிச்சிட்டு மறைக்கறனு. மறச்சவன் நான்" என்றார். அதை அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம். சொன்னார்.

மீதி வேலை சுருக்கமாக. நோய் அந்தோணி செய்த அலைன்மென்ட்டில். என் வீட்டுக்காரர் செய்தது நோயின் அடையாளத்தை மறைத்தது மட்டும். ஆகவே அலைன்மென்ட் கருவி இருக்கும் வில்லியனூருக்கே போகவேண்டும். குணா ஸ்கேனரை எடுத்துக்கொண்டு என்னோடு வண்டியில் ஏறினார். பைக் பின்னால் வந்தது. முப்பதைத் தாண்டாமல் ஓட்டி 12.15க்கு அந்தோணி கடையை அடைந்தோம்.

குணா பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, ஸ்டீயரிங்கைத் திறந்து, கம்பெனி போட்டிருந்த அடையாளக் கோட்டுக்கு நேராக ஒரு பல் திருப்பி மாட்டினார். அந்தோணி ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டிவைத்து, முன் சக்கரங்களைத் திருப்பும் டை ராட் கம்பிகளை இரண்டு பக்கமும் கருவியில் பார்த்துப் பார்த்துத் திருகினார். முதல் முறை ஒரு பக்கத்தை மட்டும் திருகிவிட்டதை அவரே ஒப்புக்கொண்டார். "அன்னிக்கி கூட்டம் டீச்சர். மன்னிச்சிடுங்க" என்று காசு வாங்க மறுத்துவிட்டார். கடைசியில் குணா ஸ்கேனரில் சென்சாருக்கு, இதுதான் நேர், இதுதான் பூஜ்யம் என்று சொல்லிக்கொடுத்தார். திரையில் பூஜ்யம் வந்தபோது மணி 3.50. வாழ்க்கையில் எத்தனையோ விடைத்தாளில் பூஜ்யம் போட்டிருக்கிறேன். ஒன்றைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

குணாவைப் பாகூரில் விடவேண்டும். அவர் பின் இருக்கையில் ஏறினார். நான் வண்டியை உயிர்ப்பித்துக் கண்ணாடியில் பைக்கைத் தேடினேன். காணவில்லை. இடது பக்கத்துக் கதவு திறந்தது.

"பைக்க அந்தோணி கடையில வுட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். "அந்த வளைவுல நீ தனியா போவக்கூடாது."

கரிக்கலாம்பாக்கம் தாண்டினோம். அறுவடை முடிந்த கழனிகளில் மாடு மேய்ந்தது. 4.40க்கு ஏரிக்கரை தெரிந்தது. மீட்டரில் நாற்பது, உண்மையில் நாற்பத்தொன்றரை. அவர் வலது கை என் இருக்கையின் ஓரத்தைப் பிடித்தது. இடது கை மேலே இருக்கும் கைப்பிடியை. சாலையின் இடது பாதியில் நெல், அதன் நடுவில் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்த அஞ்சலை. திருப்பினேன். விளக்கு எரியவில்லை. சத்தம் இல்லை. திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பியது, ஒரு நெல்மணியைக்கூடத் தொடவில்லை. அஞ்சலை விளக்குமாற்றைத் தூக்கி, "இப்ப ஒயுங்கா போவுது!" என்று கத்தினார். இவர் கைப்பிடியை விட்டுவிட்டு அவருக்குக் கை காட்டினார்.

பெரிய டயர் மாட்டுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இது. உங்கள் மாடல் வரிசையில் கம்பெனி அனுமதித்த அளவைத் தாண்டாதீர்கள். இன்ஷூரன்ஸிலும் பதிவிலும் ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்று. ஸ்டெப்னியை மறக்காதீர்கள், பழைய சின்ன டயரை அவசரத்துக்கு மாட்டினால் இதே தொல்லை வரும். அலைன்மென்ட் முடிந்து நேர் சாலையில் ஸ்டீயரிங் சாய்ந்திருந்தால் "ஓடினால் செட் ஆகும்" என்பதை நம்பாதீர்கள், அன்றே திரும்பப் போங்கள். ஸ்டீயரிங்கைக் கழற்றி நேராக்குவதாக யார் சொன்னாலும் விடாதீர்கள், அவர் உங்களைக் கட்டிக்கொண்டவராக இருந்தாலும். விளக்கு எரிந்தால் முதலில் காற்று, பிறகு ஒயர், பிறகு ஸ்கேனரில் ஸ்டீயரிங் கோணம்; பார்க்காமல் சென்சாரை மாற்றாதீர்கள். குணா முழு நாளுக்கு ஆயிரத்து இருநூறு வாங்கினார். வில்லியனூர் பாகூர் சாலை பத்தொன்பதே முக்கால் கிலோமீட்டர். மாசி முடியும்வரை நெல் காயும், நாற்பதுக்கு மேல் போகாதீர்கள். எல்லாவற்றையும்விட, வண்டி விஷயத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். எந்தச் சக்கரம் என்று எனக்கு முதலில் சொன்னது கருவி அல்ல, அஞ்சலை.

நாளைக் காலை ஐந்தரைக்குக் கொல்லிமலைக்குக் கிளம்புகிறோம். நேற்றுச் சாயங்காலம் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவர் ஈரத்துணியோடு வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். வண்டி இப்போது நேராகப் போகிறது, ஸ்டீயரிங் நேராக நிற்கிறது. அன்றைக்குக் கோணலாக நின்ற ஸ்டீயரிங்கில் போட்ட சந்தனக் கோடு மட்டும் இனி எப்போதும் பத்து டிகிரி சாய்ந்துதான் இருக்கும்.

"இத தொடச்சிட்டு, போற வழியில கோயில்ல நேரா போட்டுக்கலாமா?" என்றார்.

துணியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

"வேணாங்க. இந்த வூட்ல ஒன்னாவது கோணலா இருக்கட்டும்."